பைப்புக்கு விசில் அடிக்கிற சவுரிமுத்து

பம்மலில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற அன்று முதலில் வருவது தண்ணீர் இல்லை, காற்று. தெருப் பைப் 'ஊ...' என்று கூவும். அந்தச் சத்தத்துக்குப் பொம்பளைகள் எல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். சவுரிமுத்து மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

அவன் வீட்டுக்கு எதிரில்தான் என் பஞ்சர் கடை. ட்யூபில் ஓட்டை பார்க்கிறதுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் வைத்திருப்பேன். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத்தான் போவான். "இன்னாண்ணா, உள்ள மீன் வளக்கிறியா?" என்று வண்டி நிறுத்த வந்த ஒருத்தன் கேட்டான். சவுரி இன்னொரு கலக்குக் கலக்கிவிட்டுப் போனான். சும்மா நிற்கிற தண்ணீரை அவனால் பார்க்க முடியாது. குளிக்கிற பக்கெட், குடிக்கிற சொம்பு எதுவானாலும் ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். அவன் சம்சாரம் அம்மணி அதைப் பார்த்துப் பார்த்து அலுத்து, இப்போது அவளே சொம்பை ஆட்டிவிட்டுக் கொடுக்கிறாள்.

ஒரு காலத்தில் அவனை மாதிரி நீச்சல்காரன் இந்தப் பக்கம் கிடையாது. ஊருக்கு வெளியே கல் வெட்டி விட்டுப்போன பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். நாங்கள் எல்லாம் அதில்தான் நீந்தப் பழகினோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முங்கினவன் மேலே வந்ததும் 'ஊ' என்று கூவ வேண்டும். கரையில் நிற்கிறவன் வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடிக்க வேண்டும். நீ இருக்கிறாய், நான் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். விசில் வராவிட்டால் தண்ணீரில் இருக்கிறவன் தலையைத் தூக்கித் தேடுவான். சவுரியின் தம்பி ஸ்டெபின் கூவினால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

ஸ்டெபின் ஏ.சி. மெக்கானிக். அந்தமானில் ஒரு சின்னத் தீவில் புது ஓட்டல் கட்டினார்கள். அங்கே ஏ.சி. மாட்டுகிற வேலைக்கு அவனை அனுப்பினார்கள். தோல் பட்டறையில் கையுறை வெட்டிக்கொண்டிருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனான். லீவு விட்ட அன்று இரண்டு பேரும் கடலுக்குக் கிளம்பினார்கள். தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடியும் மூச்சு விடுகிற குழாயும் வாடகைக்குக் கொடுக்கிறவன், "மேற்குக் கரைக்குப் போங்க, இந்த மாசக் காத்துக்கு அதான் மறைவு" என்று சொல்லித்தான் கொடுத்தான். போய்ப் பார்த்தால் மேற்குக் கரையில் ஒரே கூட்டம். தண்ணீர் இடுப்புக்கு மேல் இல்லை. சவுரிக்குப் பிடிக்கவில்லை.

"இதுல எறங்கறதுக்கு நம்ம வூட்டு அண்டாலயே எறங்கலாம்டா" என்று தம்பியை இழுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனான். அங்கே இரண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு சந்து மாதிரி, அலையே இல்லாமல், கறுப்பாக, சமமாகத் தண்ணீர்.

"தா பார்ரா, நம்ம பள்ளம் மாதிரியே கீது. அங்க எறங்கு."

பள்ளத்தில் பழகினவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அலை அடித்தால் ஆபத்து, அசையாமல் இருந்தால் நல்லது என்று. கரைக்கு ஏறி வருகிற தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அதுதான், ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்று பள்ளத்துக்காரனுக்கு யார் சொல்வது?

ஸ்டெபின் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்த்துக்கொண்டே மிதந்தான். குழாய் வழியாக 'ஊ' என்றான். கரையில் நின்ற சவுரி விரலை வாய்க்குக் கொண்டு போனான். பக்கத்தில் குடை போட்டு உட்கார்ந்திருந்த பெரிய இடத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது. கையை எடுத்துவிட்டான். மறுபடி 'ஊ' கேட்டது, தூரத்தில். விளையாடுகிறான் என்று நினைத்தான். அதற்கப்புறம் குழாய் தெரியவில்லை.

உடம்பு கிடைக்கவே இல்லை. சவப்பெட்டி இல்லாமல்தான் இங்கே மாதா கோவிலில் பூசை வைத்தோம். அன்றிலிருந்து பைப் கூவினால் அவனுக்குத் தம்பி கூப்பிடுகிறான்.

போன பொங்கலுக்கு அப்புறம் அவன் மகள் சினேகாவுக்குக் கல்யாணம். தாம்பரத்தில் நர்ஸ். மாப்பிள்ளை அரிகிருஷ்ணன், பேங்க் வேலை, சாதுவான பையன். தாலி கட்டின வாரமே அவள் அப்பன் தலையில் கல்லைப் போட்டாள். நான் கடையில்தான் இருந்தேன். தெருவுக்கே கேட்டது.

"அந்தத் தீவுக்குத்தான்ப்பா போறோம். டிக்கெட் போட்டாச்சு."

"இன்னாத்துக்கு? ஊட்டி கீது, கொடைக்கானல் கீது. சாவறதுக்கு ஏன் அவ்ளோ தூரம் போற?"

"சித்தப்பாவுக்கு நம்ம வீட்டுலேந்து ஒருத்தர் கூடப் போய்ப் பூ போடலப்பா."

"போடு. கரையில நின்னு போடு. காலு நனையக் கூடாது."

"நான் எறங்குவேன். எனக்கு நீச்சல் தெரியும்." நீச்சல் குளத்துக்குப் போய் அப்பனுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள். "எந்தக் கரைன்னு நீ சொல்லு. நீ சொல்ற எடத்துல மட்டும் எறங்கறேன்."

"என்னைக் கேக்காத. நான் சொன்ன எடத்துலதான் அவன் எறங்கினான்."

அவர்கள் கிளம்பின அன்று காலையில் பக்கத்து ஏர்போர்ட்டிலிருந்து எங்கள் தலைக்கு மேல் ஏறின ஒவ்வொரு பிளேனுக்கும் சவுரி குனிந்துகொண்டான்.

இரண்டு நாள் கழித்து என் போன் அடித்தது. அவனிடம் இருப்பது பட்டன் போன். முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வரும். சவுரியைக் கூப்பிட்டேன், வரவில்லை. அம்மணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

போனில் கடல். சினேகா கிழக்குக் கரையில் நின்றிருந்தாள். பூவை அங்கேதான் போட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் அந்தச் சந்து, கறுப்பாக. அத்தனை வருஷம் கழித்தும் அது அதே இடத்தில் இருந்தது. சவுரி போனிலிருந்து முகத்தைத் திருப்பி என் தொட்டிக்குள் கையை விட்டான்.

"இங்க இல்லப்பா, பயப்படாத. சும்மா காட்டினேன்."

"அந்த எடத்த வுட்டு வா. மொதல்ல அங்கேந்து வா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தாள். மேற்குக் கரை. சின்னச் சின்ன அலை. ஜனங்கள் இடுப்பளவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசில் தொங்கவிட்ட காவல் ஆள் ஒருவன் உயரத்தில் உட்கார்ந்திருந்தான். சவுரி பார்த்துக்கொண்டே இருந்தான். தொட்டியில் இருந்த கை நிற்கவில்லை.

"மச்சான்," என்றான் என்னிடம், "இது அண்டா மாதிரி கீது."

"அப்ப அதையே சொல்லேன்டா."

தொண்டையைச் செருமினான். "சினேகா, இதான். இங்க எறங்கு."

போனை மாப்பிள்ளை வாங்கிக்கொண்டான். "நான் இங்கயே நிக்கிறேன் மாமா" என்றான். அவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு போவது தெரிந்தது. முதுகு தெரிந்தது. குழாய் நுனி தெரிந்தது. அப்போது பார்த்துப் படம் நின்றுவிட்டது. தண்ணீர் அசையாமல், அலை பாதி எழும்பின மாதிரியே நின்றது. அதில் அவள் இல்லை.

"ஆட்டு மச்சான், ஆட்டு!" என்று என் கையை உலுக்கினான். போனை நான் எப்படி ஆட்டுவது? "சிக்னல் போச்சுடா, பேஜார் பண்ணாத" என்றேன். என் குரலே எனக்கு நன்றாக இல்லை. அம்மணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

படம் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. கொரகொரவென்று காற்று, அதற்குள்ளே எங்கேயோ, 'ஊ...'

சவுரி இரண்டு ஈர விரலை வாய்க்குள் வைத்து அடித்தான். தெருவில் நாய் குரைத்தது. மாடியில் துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கி அடித்தான். முகமெல்லாம் தண்ணீர், தொட்டித் தண்ணீரா வேறா என்று நான் பார்க்கவில்லை.

படம் அசைந்தது. சினேகா தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இடுப்பளவுத் தண்ணீரில். மாப்பிள்ளை போனை அவள் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தான். "கேட்டுதுப்பா" என்றாள்.

அவள் ஊர் திரும்பி வந்துவிட்டாள். நன்றாக இருக்கிறாள். சவுரிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தொட்டியை இன்னமும் கலக்குகிறான். ஆனால் தண்ணீர் விடுகிற அன்று கதவைச் சாத்துவதில்லை. பைப் 'ஊ' என்று கூவினால் வாசலுக்கு வந்து அதைப் பார்த்து விசில் அடிக்கிறான். பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறான். குடத்தோடு நிற்கிற பொம்பளைகளில் ஒருத்தியும் சிரிப்பதில்லை. அவன் உள்ளே போகிறவரைக்கும் யாரும் பைப்புக்குக் கீழே குடத்தை வைப்பதுமில்லை.