மதிலுக்குப் பின்னால் கல்கத்தா

என் மருமான் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. வந்த அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் படம் போட்ட தபாலட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிவிட்டான். நியூயார்க், சிகாகோ, லண்டன், ஹாங்காங். எல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்த படங்கள். பல் வரிசை மாதிரி கட்டடங்கள். "மாமா, ஸ்கைலைன்ல எதுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ்? நீங்களே சொல்லுங்கோ" என்றான். "எடுத்து வைடா, ரசம் கொட்டிடப் போறது" என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? அவனுக்கும் என் பிள்ளைக்கும் விவாதம் மூண்டுவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மருமான் பால்கனிக்குப் போனான். தூரத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தைப் பார்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி அளக்க ஆரம்பித்தான். "கையைக் கீழே போடு!" என்று நான் கத்திய கத்தலில் சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கிழத்துக்கு ரத்தக் கொதிப்பு என்று நினைத்திருப்பார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கீழே இஸ்திரிக்காரன் அடுப்பு மூட்டினான். கரிப்புகை மாடிக்கு ஏறி வந்தது. அவ்வளவுதான், இதே கல்கத்தாவில் இளவயதில் குடியிருந்த பவானிப்பூர் மொட்டைமாடிக்கு நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அந்த நாள் கல்கத்தாவில் சாயங்காலம் என்பதே புகைதான். வீட்டுக்கு வீடு உனுன் என்கிற மண்ணடுப்பை வாசலில் கொண்டுவந்து வைத்து, கரியைப் போட்டு மூட்டுவார்கள். ஒரு தெரு முழுக்க ஒரே நேரத்தில் மூட்டினால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். கண் எரியும், வேஷ்டி நாறும், ஊர் மறைந்துபோகும். ஆகவே ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஆபீஸ் விட்டு வந்ததற்கும் அடுப்பு மூட்டுவதற்கும் நடுவில்தான் பார்த்தாக வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் என் சிநேகிதர்கள் இரண்டு பேர் சண்டை போட்டே தீர்த்தார்கள்.

ஹரிபாபு என்பவருடைய வீட்டில் மாடி அறை ஒன்றில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். சேஷன் கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். முன்னால் பம்பாயில் கொஞ்ச நாள் இருந்தவன். அந்தக் கொஞ்ச நாளை வைத்துக்கொண்டு அவன் செய்த அமர்க்களம் சொல்லி மாளாது. நடேசன் பாங்கிக் குமாஸ்தா. மாயவரத்துப் பக்கம். ஊரை விட்டு நேரே கல்கத்தாவில் வந்து இறங்கியவன். வேறு பட்டணத்தைக் கண்ணால் கண்டதில்லை, அதனால் கல்கத்தாதான் உலகத்திலேயே உசத்தி என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. மூன்றாவது ஆள் நான். சென்னையில் ஹைகோர்ட்டுக் கோபுரத்தின் உச்சியிலேயே கலங்கரை விளக்கு இருக்கிறதே என்று ஒரே ஒரு தரம் சொன்னேன். இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒற்றுமையாகச் சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

எங்கள் மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தால், மூங்கில் சாரத்துக்குள் பாதி எழும்பி நிற்கும் பளிங்கு மாளிகை, மாதாகோவில் கூம்பு, மைதானத்து மானுமெண்ட் என்கிற நினைவுத் தூண், அதற்கும் இடப்புறம் கிதர்ப்பூர்த் துறைமுகத்துக் கப்பல்களின் பாய்மரக் கம்பங்கள், நதிக்கு அக்கரையில் ஆலைப் புகைபோக்கிகள் எல்லாம் தெரியும். அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம் இல்லையா? சேஷன் ஒற்றைக் கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டுவான். "பாத்தியா, மானுமெண்ட் நகத்துக்கு மேலே வரல்லே. பம்பாய் மணிக்கூண்டு விரல் முழுக்க வரும்." "எவ்வளவு தூரத்திலேர்ந்து பாத்தே?" என்பான் நடேசன். அது சேஷனுக்கு ஞாபகம் இருக்காது. உடனே நடேசனும் ஒரு கண்ணை மூடித் தன் விரலை நீட்டுவான். இப்படித் தினமும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

நடேசனுக்கு அந்தக் காட்சியின் மேல் அவ்வளவு பிடிப்பு இருந்ததற்குக் காரணம் உண்டு. அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. மனைவி விசாலம் பிறந்தகத்தில் இருந்தாள். வாந்திபேதி பரவுகிற ஊருக்குப் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று மாமனார் பிடிவாதமாக இருந்தார். தீபாவளிக்குப் போனவன் அவளிடம் இந்த மொட்டைமாடியை வர்ணித்து வர்ணித்து, கடைசியில் அவளே அப்பாவிடம் போய், "நான் போய் அதையெல்லாம் பாக்கணும்" என்று அடம் பிடிக்கும்படி செய்துவிட்டான். மாமனார் அரை மனசாகச் சம்மதித்தார். கௌரவமான வீடு இருந்தால் அனுப்புவதாகப் பேச்சு. ஹரிபாபுவும் கீழ்க்கட்டை அவனுக்கு ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவன் பாதிக் குடித்தனக்காரனாகவே ஆகிவிட்டான். தாளிக்கிற கரண்டிகூட வாங்கி வைத்திருந்தான்.

ஒரு நாள் காலையில் ஹரிபாபு மேல்மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "ஏ கீ மொஷாய்!" என்ன ஐயா இது என்று ஆரம்பித்தவர், பிறகு இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். வடக்கு வீட்டுக்காரர் அலிப்பூர்க் கோர்ட்டு வக்கீல். அவர் வீட்டுப் பெண்கள் சாயங்காலம் மொட்டைமாடியில் காற்று வாங்குவார்கள், துணி எடுப்பார்கள், தலை பின்னிக்கொள்வார்கள். அந்த ஊரில் மொட்டைமாடி பெண்களுடைய ராஜ்யம். அதைப் பார்த்தபடி எதிர்மாடி மதராஸிப் பிரம்மசாரிகள் தினமும் வந்து நின்றுகொண்டு கண்ணடிக்கிறார்களாம். கண்ணடிப்பது போதாதென்று கட்டைவிரலை வேறு காட்டுகிறார்களாம்!

அங்கே கட்டைவிரலைக் காட்டுவது நம்மூரில் பழிப்புக் காட்டுகிற மாதிரி. 'உனக்கு ஒன்றுமில்லை, போ' என்று அர்த்தம். ஒரு பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்து, உடனே கட்டைவிரலையும் காட்டுகிறவனை என்னவென்று நினைப்பார்கள்? மானுமெண்டுக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த மாடி இருந்ததை இந்த இரண்டு மேதாவிகளும் கவனித்ததே இல்லை. மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வக்கீல் கேஸ் போடுவார் என்று சொல்லிவிட்டு ஹரிபாபு இறங்கிப் போனார்.

நடேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எல்லாம் போச்சுடா. மாமனார் இனிமே அனுப்பவே மாட்டார்" என்றான். சேஷன் முதல் தடவையாகப் பம்பாயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடேசன் ஹரிபாபுவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்கு அழைத்து வந்தான். நடந்தது என்ன என்று செய்தே காட்டினான். ஹரிபாபு நம்பவில்லை. ஆனால் சேஷன் வாய் சும்மா இருக்குமா? "பம்பாய் மணிக்கூண்டு இதைவிட ஒசரம் சார்" என்று சொல்லிவிட்டான். ஹரிபாபுவின் முகம் சிவந்தது. "பம்பாயா? பம்பாய் ஒரு நகரமா?" என்று கேட்டுக்கொண்டே பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகினார். ஒரு கண்ணை இறுக்கி மூடினார். கையை நீட்டினார். கட்டைவிரலை நிமிர்த்தி, "எங்கே? எங்கே வைத்துப் பார்க்க வேண்டும்?" என்று இப்படியும் அப்படியும் ஆட்டினார். சரியாக அந்த நேரத்தில் வக்கீலின் தங்கை துணி எடுக்க மாடிக்கு வந்தாள்.

அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று முதல் வக்கீலுக்கு எங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் ஹரிபாபு மேல் திரும்பியது. ஹரிபாபுவுக்கோ தாம் நிரபராதி என்று சொல்ல எங்களைத் தவிர சாட்சி கிடையாது. காலி செய்யச் சொன்ன பேச்சு அதோடு போயிற்று. கீழ்க்கட்டு நடேசனுக்குக் கிடைத்தது. அவன் லீவு எடுத்துக்கொண்டு விசாலத்தை அழைத்துவரச் சந்தோஷமாக ஊருக்குப் புறப்பட்டுப் போனான்.

அவன் போன வாரமே வக்கீல் வீட்டில் செங்கல் வந்து இறங்கியது. எங்கள் பக்கம் பார்த்து, அவருடைய மொட்டைமாடி ஓரமாக, ஒன்றரை ஆள் உயரத்துக்கு மதில் எழும்பிவிட்டது. மானுமெண்ட், பளிங்கு மாளிகை, பாய்மரம் எதுவும் பாக்கியில்லை. எங்கள் கல்கத்தா செங்கல்லாகிவிட்டது.

ஹவுரா ஸ்டேஷனுக்கு நானும் சேஷனும் போயிருந்தோம். விசாலம் ஒல்லியாக, கண்ணை அகல விழித்துக்கொண்டு இறங்கினாள். "நடேசா, ஒரு விஷயம்" என்று நான் ஆரம்பித்தேன். "அப்புறம் சொல்லு, சாமானைப் பாரு" என்றான். குதிரை வண்டியில் ஏறியதும் அந்தப் புத்திசாலி செய்த முதல் காரியம், வண்டியின் மரக்கதவுகளை இரண்டு பக்கமும் சாத்தியதுதான். நதிப் பாலத்தில் வண்டி போகிறது. இரண்டு பக்கமும் கப்பல். எதிரே கோபுரமும் கும்மட்டமுமாக முழுக் கல்கத்தா. "கதவைத் திறடா, பாக்கட்டும்" என்று மேலே வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கத்தினேன். "சும்மா இரு. நம்ம மாடியிலேர்ந்து மொதல்லே பாக்கட்டும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வந்ததும் வராததுமாக அவளை மாடிக்கு அழைத்துக்கொண்டு ஓடினான். நாங்களும் பின்னாலேயே போனோம். மதில் எதிரே நின்றது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏன்னா, எல்லாம் எங்கே?" என்றாள். அவன் கையைத் தூக்கி மதிலைக் காட்டினான். "அதுக்குப் பின்னாலே."

அவள் அழவில்லை. "எங்கெங்கே எது இருக்குன்னு சொல்லுங்கோ" என்றாள். அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது. ஆபீஸ் விட்டு வந்ததும் அவன் மதில் முன்னால் நின்று, "இங்கே மானுமெண்ட், இங்கே மாதாகோவில், இந்தக் கோடியிலே கப்பல்" என்று சொல்வான். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி, வெறும் செங்கல்லை அளப்பாள். "பம்பாயைவிட ஒசரம்தான்" என்று தீர்ப்பு வேறு சொல்வாள். சேஷன் மறுத்துப் பேசமாட்டான்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். தெருமுனையில் டிராம் ஓடுகிறது. ஏறினால் மைதானம். "ஒரு சாயங்காலம் அழைச்சிண்டு போயேண்டா" என்று எத்தனை தரம் சொன்னேன்! "கீழே நின்னு பாத்தா என்ன இருக்கு? மேலேர்ந்து பாக்கணும். இதைவிட ஒசந்த மாடியா வீடு பாத்திண்டிருக்கேன்" என்பான். காளிகட்டத்துக் கோவிலுக்கு அவளை அழைத்துப் போவான், சந்து வழியாக. மைதானத்துக்கு மட்டும் மாட்டான். வீடு பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

தலைப்பிரசவத்துக்கு அவள் ஊருக்குக் கிளம்பினாள். ஹவுராவுக்கு வண்டி போனபோது கதவைத் திறந்துதான் வைத்திருந்தான். ஆனால் சாயங்கால வேளை. ஊர் முழுக்க அடுப்புப் புகை. பாலத்திலிருந்து பார்த்தால் நதியே தெரியவில்லை. "திரும்பி வரச்சே காலம்பர வண்டியா பாத்து வாங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். போனவள் திரும்பி வரவில்லை. பிரசவத்திலேயே போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. அதற்கப்புறம் சேஷன் பம்பாய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நடேசன் ரங்கூனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். எனக்கு அவன் மேல் இருந்த கோபம் அவன் செத்த பிறகும் ஆறவில்லை. ஒரு டிராம் சவாரி! கல்கத்தாவில் குடித்தனம் பண்ணிய பெண் கல்கத்தாவைப் பார்க்காமலே போனாள்.

மருமானைப் பார்த்துக் கத்திய மறுநாள் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பவானிப்பூருக்குப் போனேன். ஹரிபாபுவின் வீடு இல்லை. வக்கீல் வீடும் இல்லை. நான் அத்தனை கரித்துக்கொட்டிய மதிலும் இல்லை. இரண்டு மனையையும் சேர்த்து மாடி மேல் மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் காவலிருந்த தர்வான் என்னை யாரோ வீடு பார்க்க வந்தவன் என்று நினைத்து, "மேலே போய்ப் பாருங்கள் பாபு, ஊர் பூராத் தெரியும்" என்று லிஃப்ட்டைக் காட்டினான்.

நான் மேலே போகவில்லை. எதிர்ப்புறம் பிளாட்பாரத்தில் நின்று, எங்கள் மொட்டைமாடி எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று பார்த்தேன். மூன்றாவது மாடி பால்கனி இருக்கிற இடம்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டினேன். விசாலம் நின்ற இடம் முழுவதும் நகத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கையை எடுத்தபோது, அந்தப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.