மாமனாரின் மடக்கு சைக்கிள்

அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இரண்டாக மடிந்து கிடந்தது ஒரு சைக்கிள். சின்னப் பிள்ளைகள் ஓட்டுவது போலச் சிறிய சக்கரங்கள். என் மாமனார் அதை நிமிர்த்தி, நடுக்கொக்கியை மாட்டி, மணியடித்துப் பார்த்தார். நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்கு வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் ஒரு கண்ணின் பார்வை போனதும் லாரியை விட்டுவிட்டுச் சேலத்தில் எங்களோடு இருக்க வந்தார். நாங்கள் இருந்தது இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே விட்டால் சைக்கிள் திருட்டுப் போகும். அதனால்தான் இந்த மடக்கு சைக்கிள்.

அதன் பெருமையை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே அடங்கிவிடும், பஸ்ஸிலும் ஏறும். ஓமலூரில் இறங்கி, அங்கிருந்து மிதித்தே பழைய கிளீனரின் தோட்டத்துக்குப் போய் வருவார். கண்டக்டர் முறைத்தால், "கொழந்தையாட்டம் மடியில வெச்சுக்கறனுங்க" என்பார். குறைகள் என் கண்ணில்தான் பட்டன. மடக்கினாலும் கனம் குறையாது. இரண்டு மாடி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். பஞ்சரானால் அந்த அளவு டியூப் பக்கத்துக் கடையில் கிடைக்காது. செயின் கறை படிந்த வேட்டியைத் துவைப்பதும் என் பாடு. எல்லாவற்றுக்கும் மேல், பெரிய சைக்கிள் தாண்டிவிடும் பள்ளத்தில் இதன் சக்கரம் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியொரு பள்ளத்தில்தான் ஒருநாள் விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. அன்று மாலையே என் கணவர் சைக்கிளை மடக்கிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். மாமனார் தடுக்கவில்லை. "பாத்தியா கண்ணு, லாரியா இருந்தா ஒளிச்சு வெக்க முடியுமா?" என்று என்னிடம் மட்டும் சொன்னார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

பிறகு அவர் எங்கும் போகவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்ப்பார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். கணவரிடம் சொன்னால், "இன்னொருக்கா உழுந்தா என்ன பண்றது?" என்பார். அந்தப் பயத்தையும் என்னால் தப்பென்று சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் வெளியே போயிருந்தபோது ஸ்டூல் போட்டு ஏறிச் சைக்கிளை இறக்கினேன். "கெளம்புங்க மாமா, வண்டி வாகனம் இல்லாத எடமாப் பாத்துப் போலாம்" என்றேன். பனமரத்துப்பட்டி பஸ்ஸில் இருவருமாகத் தூக்கி ஏற்றினோம். வழியிலேயே கணவருக்குப் போன் செய்து, அந்த ஊர் ஏரிக்கரைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

ஏரிக்கரையில் மாமனார் முதலில் தள்ளாடினார். கருவேல முள்ளுக்குப் பயந்து பாதையின் நடுவிலேயே மிதித்தார். சற்று நேரத்தில் முதுகு நிமிர்ந்தது. என்னைக் கடக்கும்போதெல்லாம் லாரிக்காரர் தோரணையில் மணியடித்தார். அந்த நேரத்தில் கணவரின் பைக் வந்து நின்றது.

"ஏம்ப்பா, சொன்னாக் கேக்க மாட்டீங்களா?"

மாமனார் இறங்கிச் சைக்கிளை மகன் பக்கம் தள்ளினார். "நீயே ஓட்டிப் பாரு சாமி. ஆவாதுன்னு தோணுச்சுன்னா மறுபடியும் பரண்லயே போட்டுரு."

மாமனார் இன்று இல்லை. அந்த நாளுக்குப் பிறகு, அவர் இருந்தவரை, சைக்கிள் பரணுக்குப் போகவில்லை. ஞாயிறுதோறும் நாங்கள் மூவரும் ஏரிக்கரைக்குப் போனோம். ஆனாலும் என் மனதில் நிற்பது அந்த முதல் ஞாயிறுதான்.

அன்று கணவர் வேண்டாவெறுப்பாக ஏறினார். கைப்பிடியில் முழங்கால் இடித்து, வண்டி நெளிந்தது. மாமனார் விரைந்து போய்ப் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். "முன்னால பாரு, நான் புடிச்சிருக்கறேன்" என்றார். சிறுவயதில் என் கணவருக்குச் சைக்கிள் பழக்கியது பக்கத்து வீட்டுக்காரர். அப்பா அப்போது எந்த ஊர்ச் சாலையில் இருந்தாரோ.

"விடுங்கப்பா" என்று கணவர் சொல்லவில்லை. நன்றாகவே ஓட்டத் தெரிந்தவர், கரை முடியும்வரை அப்பாவின் பிடியிலேயே மெல்ல மிதித்துக்கொண்டு போனார்.