இண்டைக்கு மட்டும் என்று கேட்ட ரூபி டீச்சர்

ரூபி டீச்சர் இறந்த செய்தி வந்தபோது, அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் கஞ்சிக்கு நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்தான் தொலைபேசியில் அழுதாள். "டீச்சர் உடுப்புக் கொடிக்குக் கீழ விழுந்து கிடந்தாங்க. கையில மாஸ்டர்ர ஈரப் படுக்கை விரிப்பு அப்பிடியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் சரிவரல்ல." மாஸ்டர் என்றால் படுக்கையில் கிடக்கும் டீச்சரின் கணவர். அரிசிச் சட்டியை அடுப்பில் வைத்தேன். யார் இறந்தாலும் மாஸ்டருக்குப் பசிக்கும். டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இறப்பை எங்கள் வழக்கில் மௌத்து என்போம். டீச்சரின் சபையார் ஒட்டிய அறிவித்தலில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று இருந்தது. கல்முனையின் பெரிய வீதியில் நின்று அதை வாசித்தேன். கணவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அந்த மனுஷிக்குக் கிடைக்காமல் போன ஒன்று நித்திரைதான்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. எங்கள் முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்த தமிழ்க் கிறிஸ்தவ டீச்சர். குரல் உயர்த்தமாட்டார், ஆனால் வகுப்பு நடுங்கும். கணக்குப் பிழைத்த பிள்ளையிடம் "பிழை செய்தது நீ இல்ல, உன்ட அவசரம்" என்பார். அதே பாடசாலையில் நான் மனையியல் படிப்பித்தேன். ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. நோன்பு மாதத்தில் எனக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "குடியுங்க டீச்சர், எனக்குத்தானே நோன்பு" என்பேன். "உன்ட மூஞ்சியப் பாத்தா எனக்குத் தண்ணி இறங்காதுகா" என்று போத்தலை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார்.

அவருடைய கணவர் தேவராஜா மாஸ்டர் வேறொரு பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர். நல்ல பேச்சுக்காரர். மேடை ஏறினால் இறங்கமாட்டார் என்று ஊரே பகிடி பண்ணும். அந்த மனிதரின் பேச்சைத்தான் பக்கவாதம் முதலில் எடுத்தது. அதன் பின்னால் ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. டீச்சர் வயதுக்கு முன்னமே ஓய்வு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார். தூக்குவது, திருப்புவது, கழுவுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் அவர் ஒருவர்தான். சின்ன உடம்பு. மாஸ்டரோ ஆறடி மனிதர்.

ஒரு காலத்தில் மாஸ்டர் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். இப்படியே போனால் மூக்கால் குழாய் போட வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது நோன்பு மாதம். பள்ளிவாசலில் காய்ச்சிய கஞ்சியை ஒரு கேத்தலில் எடுத்துக்கொண்டு, நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால் போனேன். டீச்சர் கோப்பையில் ஊற்றி ஆறவைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பள்ளிவாசலில் அழைக்கும் பாங்கு கேட்டது. நான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். டீச்சர் கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ சொன்னார். அவர்கள் சாப்பிடுமுன் ஜெபிப்பது வழக்கம்தானே. பிறகு கரண்டியை நீட்டினார். மாஸ்டர் வாயைத் திறந்தார். ஒரு கோப்பை கஞ்சியும் உள்ளே போனது. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த நாளும் பாங்குக்குத்தான் வாய் திறந்தது. கொஞ்ச நாளில் எங்களுக்கு வழி பிடிபட்டுவிட்டது. காலையில் ஏதோ கொஞ்சம் தண்ணீர். லுஹர் பாங்குக்குப் பகல் சாப்பாடு, பின்னேரம் அஸருக்குத் தேத்தண்ணீர், மஃரிபுக்குக் கஞ்சி. நோன்பு முடிந்து பெருநாளும் போன பிறகு, கஞ்சியை என் வீட்டில் காய்ச்சத் தொடங்கினேன். அரிசியைக் குழையவிட்டு, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, ரம்பை இலை போட்டு, நன்றாக வடித்துக் கொண்டுபோவேன். நோன்பில்லாத நாளில் நோன்புக் கஞ்சி மணக்கும் வீடு என்று என் கணவர் என்னைப் பகிடி பண்ணுவார். ஆனால் கேத்தலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவரும் அவர்தான்.

செய்தி ஊருக்குப் பரவியது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சாலி காக்காவுக்கு (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) பெருமை தாங்கவில்லை. "மாஸ்டர் வாய் திறக்கிறது நம்மட பாங்குக்குத்தான் புள்ள" என்று சந்தையில் மீன் வாங்கும் இடத்திலெல்லாம் சொன்னார். தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிய நாளில்கூட வேறு ஆளைப் பாங்கு சொல்ல விடவில்லை. குரல் மாறினால் மாஸ்டருக்கு விளங்காதாம். டீச்சரின் சபையில் ஒரு அம்மாவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். "எங்கட கோயில் மணிக்கு வாய் திறக்க மாட்டாராமா?" என்று கேட்டுவிட்டார். டீச்சர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. "மணி ஞாயித்துக்கிழமைதானே அடிக்குது அக்கா. இவருக்கு ஒவ்வொரு நாளும் பசிக்குது."

இப்படிச் சிரிக்க வைத்த மனுஷிதான் ஒரு நாள் முற்பகலில் காலில் செருப்பில்லாமல் என் குசினிக்குள், அடுப்படியில், வந்து நின்றார். தலை வாரவில்லை. உடுப்பில் மாஸ்டரின் மூத்திர வாடை. "பரீதா, எனக்கு ஏலாம கிடக்கு. வெறுத்துப் போச்சு. கடலப் பாத்தா நேரா நடந்து உள்ளுக்குப் போகலாம் போல இருக்கு. எனக்கு என்னையே பயமா இருக்கு. அதான் ஓடி வந்தன்" என்றார். சுனாமியில் தன் தங்கையைக் கொடுத்த மனுஷி கடலைப் பற்றி இப்படிச் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. என் கணவரை மாஸ்டரிடம் அனுப்பினேன். டீச்சருக்கு முகம் கழுவி, சோறு குழைத்துக் கொடுத்து, என் கட்டிலில் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்தேன். அஸர் பாங்கு கேட்டுத்தான் கண் விழித்தார்.

எழும்பியதும் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "எங்கட வேதத்தில ஒரு தீர்க்கதரிசி இருக்காருகா. ஏலாமப் போய், என்ட உசிர எடுத்திரு எண்டு கேட்டு ஒரு செடிக்குக் கீழ படுத்துட்டார். ஆண்டவர் அவருக்கு ஏசவும் இல்ல, பிரசங்கம் பண்ணவும் இல்ல. நித்திரை கொள்ள விட்டார். எழுப்பிச் சாப்பாடு குடுத்தார். மறுகாவும் நித்திரை கொள்ள விட்டார். இவ்வளவு நாளும் அதை வாசிச்சு இரிக்கன். இண்டைக்குத்தான் விளங்கினது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த கிழமை நாங்கள் இருவரும் மனநல கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் மாத்திரை எழுதினார். சபைக்காரர் ஒருவர், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறார். "உங்கட சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடக்குள்ள விசுவாசம் குறையல்லயா ஐயா?" என்று டீச்சர் கேட்டாராம். சபையிலிருந்து இரண்டு பெண்கள் முறை வைத்து வந்து மாஸ்டரைப் பார்க்கவும் தொடங்கினார்கள். டீச்சர் ஞாயிறு ஆராதனைக்குப் போய் வந்தார். சில நாள் கோயில் வாங்குப் பலகையிலேயே நித்திரையாகிவிடுவாராம். "ஆண்டவர்ட வீட்டில நித்திரை கொண்டா என்ன, சொந்த வீடுதானே" என்று சிரிப்பார்.

கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில், ஆட்டோவுக்குள் வைத்து அவர் சொன்ன ஒன்றை இன்று எழுதுகிறேன். அவர் கோபிக்கமாட்டார். "பரீதா, நான் ஒவ்வொரு நாளும் ஆண்டவர்ட்ட என்ன கேக்கன் தெரியுமா? அவர் எனக்கு முன்னுக்குப் போகோணும் எண்டு கேக்கன். உங்கட சொல்லில சொன்னா, இது ஒரு பொண்டாட்டி கேக்கிற துஆவா?" நான் சொன்னேன், "டீச்சர், நீங்க அவர் போகோணும் எண்டு கேக்கல்ல. அவர ஆரும் இல்லாம விட்டுட்டுப் போகப்படாது எண்டு கேக்கீங்க. ஆண்டவனுக்கு விளங்கும்." டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் அவரிடம் கேட்டேன், இத்தனை களைப்பில் எப்படி ஜெபிக்கிறீர்கள் என்று. "நீளமாக் கதைக்க ஏலாதுகா. முந்தி அரை மணித்தியாலம் ஜெபம் பண்ணுவன். இப்ப அதுவும் மறந்துபோகுது. உங்கட பாங்குதான் எனக்கும் ஞாபகப்படுத்துது. பாங்கு கேட்டா, ஆண்டவரே, இண்டைக்கு மட்டும் எண்டு சொல்லுவன். இண்டைக்கு மட்டும் பெலன் தாங்க. அவ்வளவுதான். நாளைக்கு உள்ளத நாளைக்குக் கேப்பன்."

அவர் கேட்டதில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. டீச்சர் முந்திப் போய்விட்டார். நான் தொழுகைப் பாயில் இருந்துகொண்டு, இந்த ஒன்றையாவது அவவுக்குக் கொடுத்திருக்கலாமே யா அல்லாஹ் என்று கேட்டேன். அப்படிக் கேட்பது சரியா பிழையா என்று மார்க்கம் படித்த ஆலிம்கள் சொல்லட்டும். எனக்கு வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அடக்கத்துக்கு எங்கள் பழைய மாணவிகள் அபாயாவோடு வந்து வீட்டு வளவு நிறைய நின்றார்கள். பெட்டியை எடுக்குமுன் மாஸ்டரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பக்கத்தில் விட்டார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார். அதில் நின்ற ஈயைப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். அங்கே நின்றவர்களில் சாலி காக்காதான் முதலில் உடைந்து அழுதார்.

மாஸ்டரின் தம்பி மகள் ஷாமினி அவரைப் பார்த்துக்கொள்ளப் பெரியநீலாவணையிலிருந்து வந்து நிற்கிறாள். அடக்கத்தன்று மஃரிபுக்குக் கஞ்சியோடு போனேன். பாங்கு சொன்னது. ஷாமினி கரண்டியை நீட்டினாள். மாஸ்டர் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் லுஹருக்கும் திறக்கவில்லை. அஸருக்கும் இல்லை. சாலி காக்கா வேலியடியில் வந்து நின்று, "என்ட குரல் சரியில்லையா புள்ள? இன்னும் சத்தமாச் சொல்லவா?" என்று கேட்டார். ஷாமினி பயந்துபோனாள். "குழாய்தான் போடணும்போல மாமி" என்றாள்.

அன்று மஃரிபுக்கு நானே கரண்டியை வாங்கினேன். பாங்கு முடிந்தது. அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். இன்னொரு முறை நீட்டினேன். கஞ்சி அவர் நாடியில் வழிந்தது. அதைத் துடைக்கும்போது, இத்தனை வருஷமும் இந்த நாடியைத் துடைத்த கை இனி இல்லை என்று நினைத்தேன். ஊட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்காகத்தான், என்னை அறியாமல் வாயில் வந்தது. "ஆண்டவரே, இண்டைக்கு மட்டும்."

மாஸ்டர் வாயைத் திறந்தார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் ஒருநாளும் பாங்குக்கு வாய் திறக்கவில்லை. பாங்கு டீச்சரைக் கூப்பிட்டது. டீச்சர் அந்தச் சொல்லைச் சொன்னார். எல்லாம் மறந்துபோன அந்த மனிதர், அந்த ஒன்றை மறக்காமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். தன்னை அவர் அடையாளம் காண்பதில்லை என்றுதான் டீச்சர் கடைசிவரை நினைத்தார். இதைச் சொல்ல எனக்கு டீச்சர் இல்லை.

ரூபி டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்தச் சொல்தான். ஆண்டவன் என்ற பெயர் எங்கள் வீட்டிலும் உள்ளதுதான், சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அன்று கோப்பை காலியாகும்வரை அழுதுகொண்டே ஊட்டினேன். ஷாமினி பக்கத்தில் நின்று அதைச் சொல்லிப் பழகினாள். பிறகு கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள், "நாளைக்கு என்ன செய்யிற மாமி?"

"நாளைக்கு உள்ளத நாளைக்குக் கேப்பம்" என்றேன்.