பதினான்கு வாரமும் பதின்மூன்று விதைகளும்

எங்கள் சீமையில் மேடு என்று பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. ஆயினும் கோட்டுச்சேரிமேட்டில் ஏறி நின்றவர் எவரும் தாம் ஏறினோம் என்பதை உணர்ந்ததில்லை. வயலும் வாய்க்காலும் கடலும் ஒரே மட்டத்தில் விரிந்து கிடக்கும் இந்த மண்ணிலே பிறந்து, நாற்பத்து மூன்று வயது வரை ஒரு குன்றைக்கூடக் கண்ணால் காணாதவர் என் தமக்கையார். அவருக்கு ஒரு நாள் ஐரோப்பாவின் பனிமலைகளிலிருந்து அழைப்பு வந்தது. எந்த இடத்தைப் பார்ப்பது, எத்தனை நாள் தங்குவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையும் அவருக்கே வழங்கப்பட்டிருந்தது. அந்தத் தேர்வில் நான் செய்த பிழையையும் அது திருந்திய விதத்தையும் பதிந்து வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

என் தமக்கையார் காரைக்கால் மருத்துவமனையில் பேறு பார்க்கும் பணியில் இருந்தார். இளவயதிலேயே கணவரை இழந்தவர், எங்களுடனேயே வசித்தார். மருத்துவமனையில் பணியாற்றிய பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் புதுச்சேரிக்குச் சென்றிருந்த ஒரு பகலில், அவருடைய மனைவிக்கு வலி கண்டது. குழந்தை கால் முன்னாக வந்தது. அக்காவின் கைகளே தாயையும் சேயையும் மீட்டன. பின்னர் அக்குடும்பம் தாய்நாடு திரும்பிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதற்கு முந்தைய ஆண்டின் பங்குனியில், அவர்களுடைய கடிதம் வந்தது.

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நொத்தேர் எனப்படும் பத்திர அதிகாரியின் அலுவலகத்தில் பத்திரங்களைப் படியெடுத்துப் படியெடுத்தே பிரெஞ்சு மொழியை ஒருவாறு கற்றிருந்தேன். கடிதத்தை நானே படித்துச் சொன்னேன். கப்பல் சீட்டு எங்கள் பொறுப்பு, இரண்டு மாதம் வரை எங்கள் வீடு உங்கள் வீடு, இடத்தையும் வாரக் கணக்கையும் எழுதினால் போதும் என்று வைத்தியரின் மனைவி எழுதியிருந்தார். உடன் மூன்று பட அட்டைகள் இருந்தன. ஒன்றில் பாரிசு நகரம். ஒன்றில் தென்திசைக் கடற்கரை. ஒன்றில் அவர்கள் வசித்த அன்சி என்னும் ஊரின் ஏரி. அந்த ஏரியைச் சுற்றி மலைகள் நின்றன. மலைகளின் தலையில் வெண்மை இருந்தது.

அக்கா மூன்றையும் பார்த்தார். மூன்றாவதை மட்டும் கவிழ்த்து வைத்தார். பின்பு அதையே நிமிர்த்திப் பார்த்தார். ஆனால் அவர் சொன்னது வேறு.

“இப்ப எங்க தம்பி போறது? வீட்டுல இவ இருக்கற நெலமையில.”

இவள் என்று அவர் சுட்டியது என் மனைவியை. அவள் அப்போது கருவுற்றிருந்தாள். அதற்கு முன் இரு முறை எங்கள் வீட்டில் தொட்டில் கட்டக் கயிறு வாங்கி, கட்டாமலே எடுத்து வைத்திருந்தோம். முதல் குழந்தை பிறந்தபோது அக்கா நெடுங்காடு என்னும் ஊரில் வேறொரு பெண்ணின் தலைமாட்டில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டாவது ஏழாம் மாதத்தைத் தாண்டவில்லை. இம்முறை அக்காவின் கைகளிலேயே குழந்தை பிறக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஒரே பிரார்த்தனை. வாய்விட்டு அவள் அதைச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அக்காவின் கணக்கு முறையை இங்கே விளக்க வேண்டும். சமையலறைப் பலகையில் தேங்காய்ச் சிரட்டைகள் வரிசையாக இருக்கும். ஒரு பெண்ணுக்கு ஒரு சிரட்டை. நாற்பது வாரத்துக்கு நாற்பது புளியங்கொட்டை என்பது வாய்பாடு. நாள் தள்ளிப்போனதாகச் சொல்லி ஒருத்தி வரும்போது, கழிந்த வாரங்களைத் தள்ளி மீதியைச் சிரட்டையில் இடுவார். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விதையை எடுத்துவிடுவார். சிரட்டை காலியாகும் வாரத்தில் அவர் ஊரை விட்டு அசையமாட்டார். சிவப்பு நூல் கட்டிய சிரட்டை எங்களுடையது. கடிதம் வந்த வாரத்தில் அதில் இருபது விதைகள் இருந்தன.

செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. என் அலுவலகத்து நொத்தேர், பாரிசைப் பார்க்காமல் பிரான்சைப் பார்த்தேன் என்பது மூலவரைப் பார்க்காமல் கோயிலுக்குப் போய் வந்தேன் என்பதைப் போன்றது என்றார். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடையுடன் வரும் மீன்காரப் பெண்மணி, தம் நான்கு பிள்ளைகளையும் அக்காவின் கையில் பெற்றவர், கடலோரமாகவே தேர்ந்துகொள்ளும்படி வற்புறுத்தினார். ஊர் எதுவானாலும் மீன் கிடைக்கும், பட்டினி இராது என்பது அவர் நியாயம்.

“கடலப் பாக்கவா கடலத் தாண்டிப் போவாங்க?” என்று என் மனைவி உள்ளிருந்தபடியே கேட்டாள்.

“நீ சும்மா இரு தாயி. மலையில என்ன கெடைக்கும்? கல்லுதான் கெடைக்கும்” என்றார் மீன்காரப் பெண்மணி. அதற்கு அக்கா சிரித்தார். கடிதம் வந்த பிறகு அவர் சிரித்தது அதுவே முதல் முறை.

நான்கைந்து நாள் கழித்து, பதில் எழுதச் சொன்னார் அக்கா. இடத்தை என் விருப்பத்துக்கு விட்டார். ஆனால் தங்குவது இரண்டு வாரம் போதும் என்றார். நான் தலையசைத்தேன். தலையசைத்துவிட்டு, அலுவலக மேசையில் அமர்ந்து, எட்டு வாரம் என்று எழுதினேன். நான்கு வாரம் பாரிசு, நான்கு வாரம் ஏரி.

ஏன் அவ்வாறு செய்தேன் என்பதற்கு இன்றும் என்னிடம் ஒரே விடைதான் உண்டு. தம் வாழ்நாளில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத ஒருவருக்கு இரண்டு வாரம் என்பது பிச்சையாகப் பட்டது. வீட்டிலிருந்து புறப்பட்டு, தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு சென்று, கப்பலேறி மார்செய் துறையில் இறங்க மூன்று வாரம். திரும்ப மூன்று. நடுவில் எட்டு. ஆகப் பதினான்கு வாரம். வைகாசியில் புறப்பாடு என்று வைத்து, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். அக்கா முன்னமே சொல்லியிருந்தார்: அவளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. பத்து மாதத்தில் ஐந்து போக ஐந்து. பத்திரங்களில் தவணை எண்ணுவதைப் போலத் தேதிக்குத் தேதி ஐந்து மாதம் எண்ணினேன். செப்டம்பர் முதல் வாரம் கடந்து நின்றது. அதற்கு ஆறு நாள் முன்னதாகவே அக்கா வீடு திரும்பிவிடுவார் என்று கண்டு மகிழ்ந்தேன். நம் பெண்கள் எண்ணும் பத்து மாதம் நான்கு வார மாதம் என்பது, சுவரில் தொங்கும் நாட்காட்டியையே நம்பிய என் புத்திக்கு எட்டவில்லை. சிரட்டை பத்தடி தூரத்தில் இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

சித்திரையின் பிற்பகுதியில் சீட்டுகள் வந்தன. இரண்டு வாரத்தில் புறப்பாடு. அப்போதுதான் எட்டு வார உண்மையை அக்காவிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஏரிப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அங்கே குளிருமா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் குரலில் ஒரு சிறுமி இருந்தாள். போக விரும்பினார் என்பதை நான் ஐயமின்றி அறிந்தது அந்தக் கணத்தில்.

அன்று வெள்ளிக்கிழமை. விதை எடுக்கும் வேளையில் என் மனைவி எங்கள் சிரட்டையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். தரையில் விதைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். பதினைந்து.

“அண்ணி கெளம்பறதுக்கு ரெண்டு வாரம்” என்று இரண்டை ஒதுக்கினாள். “மீதி பதிமூணு. பயணம் எத்தன வாரங்க?”

பதினான்கு என்றேன்.

அவள் மறுபடியும் எண்ணினாள். பின்பு என்னைப் பார்க்காமல், “ஒண்ணு கொறையுதுங்க” என்றாள்.

அக்கா ஏரிப் படத்தை மற்ற இரண்டு அட்டைகளுக்கு அடியில் வைத்தார். எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார்.

“சீட்டத் திருப்பி அனுப்பிடு தம்பி. நல்ல மனுஷங்க, கோச்சுக்க மாட்டாங்க. ஒடம்பு சரியில்லன்னு எழுதிடு.”

என் பிழையை ஒப்புக்கொள்ள வாயெடுத்தேன். என் மனைவி என்னை முந்திக்கொண்டாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“நீங்க போவாம இருந்தா, நாளைக்கு இந்தப் புள்ள மொகத்தப் பாக்கறப்பல்லாம் இதாலதானே அண்ணி போவலன்னு எனக்குத் தோணும். பொறக்கறப்பவே அது தலையில ஒரு பழியா? நீங்க கேட்டது ரெண்டு வாரம். இவங்கதான் எட்டுன்னு எழுதினாங்க. ரெண்டு வாரத்துக்கே போயிட்டு வாங்க. நான் வெதைய எடுத்துட்டு வர்றேன்.”

அக்கா தரையிலிருந்த விதைகளைச் சிரட்டையில் அள்ளிப் போட்டார். கடைசியில், “முந்தின கப்பல் உண்டா, பாரு தம்பி” என்றார்.

கப்பல் பட்டியல் சீட்டுடனே வந்திருந்தது. அக்கா மார்செயில் இறங்கும் நாளிலிருந்து பதினெட்டாம் நாள், அங்கிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் இருந்தது. அதை விட்டால் அடுத்தது நான் தேர்ந்த கப்பல்தான். பதினெட்டு நாளில் பாரிசும் ஏரியும் ஒருசேரப் பார்க்க இயலாது. ரயில் பயணமே நாட்களைத் தின்றுவிடும். ஒன்றைத்தான் தேர வேண்டும். நான் பாரிசு என்று தொடங்கினேன். அங்கே அகன்ற வீதிகளும் ஏழடுக்கு மாளிகைகளும் இருப்பதை எடுத்துரைத்தேன்.

“வீடுதானே தம்பி. வீடு நான் நெறயப் பாத்துட்டேன்” என்றார் அக்கா. உண்மைதான். அந்த வட்டாரத்தில் அவர் நுழையாத வீடு இல்லை. அவர் கை ஏரிப் படத்தைத் தானாகவே மேலே எடுத்து வைத்தது.

மறுநாள் தந்தி கொடுத்தேன். ஏரி மட்டும், பதினெட்டு நாள், திரும்புவதற்கு முந்தைய கப்பல். காரணம், வீட்டில் பேறு. நான்காம் நாள் பதில் வந்தது. அதில் ஆகட்டும் என்பதற்கு மேல் இன்னொரு வரியும் இருந்தது: பேறுதான் காரணம் என்றால் எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

ஊரார் இதை ஒப்பவில்லை. நாற்பத்திரண்டு நாள் பயணம், பதினெட்டு நாள் பார்வை. இப்படியும் ஒரு வியாபாரம் உண்டா என்று நொத்தேர் வியந்தார். மீன்காரப் பெண்மணி நேரிலேயே கேட்டுவிட்டார்.

“நாப்பது நாளு கப்பல்லயும் ரயில்லயும் குந்திக் கெடந்து, ரெண்டு வாரம் பாத்துட்டு வரணுமா?”

“பத்து மாசம் சொமந்துட்டு நீ எத்தன நாழியில பெத்த?” என்றார் அக்கா.

அடுத்த தெருவில், சைகோனில் வியாபாரம் செய்து திரும்பிய முஸ்லிம் குடும்பத்து அம்மையார் ஒருவர், தம் கணவரின் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்துருண்டை மணம் வீசிய அந்தக் கோட்டைப் புடவைக்கு மேலே போட்டுப் பார்த்து, அக்காவும் அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

வைகாசியில் அக்கா புறப்பட்டார். வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி விதை எடுத்தாள். எங்களுடையதில் மட்டுமல்ல, எல்லாச் சிரட்டைகளிலும். வரிச்சிக்குடியிலிருந்தும் பெண்கள் வந்து தங்கள் சிரட்டையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அச்சம் என் மனைவியை விட்டு அகன்றுவிடவில்லை. ஆயினும் அதற்கு ஓர் எண்ணிக்கை கிடைத்திருந்தது. வாரந்தோறும் அது ஒன்று குறைந்தது.

ஏரிக்கரையிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அக்கா தம் கையாலேயே எழுதியிருந்தார். தண்ணீரில் மலை தலைகீழாக நிற்கிறது. முதல் இரண்டு நாள் நான் மலையைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, பழக்கமில்லை. கரையில் ஒரு பெண் தினமும் வந்து உட்காருகிறாள். அவளுக்கு இன்னும் ஆறு விதைதான் இருக்கும். அவள் பேசுவது எனக்கு முழுவதும் புரிவதில்லை, இடுப்பு வலி என்பது மட்டும் புரிகிறது, தேய்த்துவிட்டேன். இவ்வளவே கடிதம். என் மனைவி அதைப் பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஆடி மாதத்தில், நான்கு விதைகள் மீதி இருந்தபோது, அக்கா வந்து சேர்ந்தார். கையில் பெட்டியுடனே சமையலறைக்குச் சென்று சிரட்டையைப் பார்த்தார். பின்புதான் காலைக் கழுவினார். ஆவணியில், கடைசி விதை எடுத்த ஐந்தாம் நாள் காலையில், எங்கள் மகள் அவருடைய கைகளில் வந்து விழுந்து, வீடே அதிர அழுதாள். எடுத்து வைத்த கயிறு அன்று வெளியே வந்தது.

நான் எழுதிய எட்டு வாரத்தை நம்பியிருந்தால், அந்தக் காலையில் அக்கா வீடு வந்து சேராமல் வழியிலேயே இருந்திருப்பார். இதை நான் அவரிடம் சொல்லி வருந்தினேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எட்டு என்று நீ எழுதாவிட்டால் எனக்குப் போகும் தைரியமே வந்திருக்காது என்றார்.

குழந்தை பிறந்த பதினாறாம் நாள் என்று நினைவு. முற்றத்தில் கால் நீட்டி அமர்ந்து, கால்களின் மீது குழந்தையைக் கிடத்தி, அக்கா குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வெந்நீர்ச் செம்புடன் நான் நின்றேன். மீன் கூடையை இறக்கி வைத்த பெண்மணி, அவ்வளவு தூரம் போயும் பாரிசைப் பார்க்காமல் வந்துவிட்டீர்களே என்று மீண்டும் தொடங்கினார்.

அக்கா குழந்தையின் முகத்தில் நீர் விழாதபடி நெற்றியில் கையை அணையாக வைத்துக்கொண்டார்.

“அது எங்க போவுது? அங்கதான் இருக்கும். நீ ஊத்து தம்பி.”