கை மாட்டினா கத்தக் கூடாது

இல்லடி செல்வி, ரெண்டும் ஒண்ணில்ல. மாமியா சொல்றதை மருமவ நம்பலன்னா போ. பூமி தன்னைத்தானே சுத்துறது வேற, சூரியனைச் சுத்தி வர்றது வேற. படிச்சுட்டு சொல்லல, கரும்பாலையில குந்திப் பாத்துட்டு சொல்றேன். எழுபத்தஞ்சாம் வருசம் வாக்குல, பாடாலூர் பக்கம், மாட்டு ஆலையில கரும்பு சொருவுற வேலை எனக்கு. வெல்லம் திங்கிறவனுக்குத்தான் இனிப்பு. கூலிக்குப் போன உனக்கு நான் சொல்லணுமா?

மொத நாள்

நடுவுல இரும்பு உருளைங்க நட்டுக்க நிக்கும். மேல ஒரு நீட்டக் கட்டை, அது நுனியில ரெண்டு மாடு. மாடு சுத்தி சுத்தி வரும். உருளை நின்ன எடத்துலயே சுத்தும். நாங்க உருளைகிட்ட தரையில குந்தி கரும்பை சொருவணும். கட்டை வர்றப்பல்லாம் தலையைக் குனியணும். மாடு ஓட்டுனது எங்க வூட்டுக்காரர். கத்துனா மாடு வேகம் புடிக்கும், அப்படிப் பழக்கி வச்சிருந்தாங்க. என்னையும் என் கொழுந்தன் பொண்டாட்டி அஞ்சலையையும் கூப்புட்டு ஆலைக்காரர் சொன்னாரு: "கை மாட்டிக்கிட்டா கத்தாதீங்கம்மா. கத்துனா மாடு இன்னும் வேகமா நடக்கும்."

பஸ் ஸ்டாப்புல

எங்க வூட்டுக்காரர் அந்தக் கட்டை மேலயே குந்திக்கிட்டு ஓட்டுவாரு. நாள் பூரா சுத்துனா மனுசன் என்னத்துக்காவான்? சொக்கிப் போயிடுவாரு. எறங்குனாலும் கிறுகிறுப்பு நிக்காது. ஒரு தரம் அஞ்சலையையும் கூட்டிக்கிட்டு ஏலாக்குறிச்சி கோயிலுக்குக் கெளம்புனோம். என் அக்கா மவளுக்காவ வேண்டுதல். அவ புருசன் ஒரு வெளங்காதவன், வேட்டிய வித்துக் குடிச்சான்... அதை வுடு. பஸ்ஸு வந்து நிக்குது, இவரு நேரா ஏறாம வளைஞ்சு வளைஞ்சு போறாரு. "யோவ், பஸ்ஸைச் சுத்திக் கும்பிடாதய்யா, வந்து ஏறு!"ன்னு கண்டக்டர் சத்தம் போட்டாரு. நான் சிரிச்சேன். அஞ்சலை சிரிக்கல. "மாட்டை நிறுத்த வேண்டிய ஆளே இப்படின்னா நம்ம கதி என்னக்கா?"

வளையல்

கரும்பு வெட்டு மும்முரமா இருந்த சமயம். அஞ்சலை சொருவுறா, பக்கத்துல நான் சக்கையை இழுத்துப் போடுறேன், கட்டை மேல இவரு கண்ணசந்துட்டாரு. காஞ்ச சோகை இலையைச் சரியா உரிக்காத கரும்பு ஒண்ணு அவ வளையலை இழுத்துக்கிட்டு போச்சு. மொதல்ல கண்ணாடி நொறுங்குன சத்தம். அப்புறம் வெரலு. உருளை ஒண்ணும் வேகமா சுத்தாதுடி. மெதுவா, கரும்பை இழுக்குறாப்புலயே இழுத்துச்சு.

நான் வாயைத் தொறந்தேன். அவ மத்த கையால என் வாயைப் பொத்துனா. ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு, புள்ளையத் தூங்க வக்கிறாப்புல, "ஓ... ஓ..."ன்னு மாட்டுகிட்ட சொன்னா. மாடு நின்னுச்சு.

நின்னுட்டா கை வந்துருமா? மாட்டை அவுத்துட்டு, ஆளுங்க சேந்து கட்டையப் பின்னால தள்ளித்தான் எடுத்தோம். மணிக்கட்டு வரைக்கும் சக்கை. ஆலைக்காரர் கரும்புச்சாறு வுழுற தொட்டிய எட்டிப் பாத்தாரு. "செவந்துருக்கு. இதைக் கீழ ஊத்திட்டு அடுத்த கரும்பைக் குடுங்க."

பெரம்பலூர் ஆஸ்பத்திரி

வண்டியில போற வழியெல்லாம் அவ ஒரு சத்தம் போடல. வண்டியை இழுத்ததும் மாடுதானே. கட்டில்ல படுக்கப் போட்டு, "வலிக்கலியாம்மா?"ன்னு நர்சம்மா கேட்டாங்க. பின்னால அவ கத்துன கத்துல அடுத்த கட்டில்காரங்கல்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. ஆனா அதுக்கு முன்னால சன்னலைப் பாத்து, வாசலைப் பாத்து, என்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டா: "இங்க மாடு ஏதும் இல்லியேக்கா?"

சுத்தி வர்றதுகிட்டயாவது நில்லுன்னு கெஞ்சலாம், நின்ன எடத்துல சுத்துறதுக்குக் காது ஏது, அவ்வளவுதான்டி வித்தியாசம்.

ஏ செல்வி, தூத்தல் போடுது பாரு, வாசல்ல வச்ச வெல்லத்தை உள்ள எடுத்துட்டு வா!