மில்லுக்குப் போன ரைட் அவுட்

சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் மாமாவின் கருப்பட்டிக் கடையில் வியாபாரம் குறைந்துவிடும், சந்தேகம் தொடங்கிவிடும். ரயில்வே கால்பந்து அணி மதுரையிலிருந்து ஒரு கோல்கீப்பரைக் கொண்டுவந்திருக்கிறதே, அவனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? மில் அணிக்குப் பெங்களூரிலிருந்து வந்தவன் பூட்ஸ் போட்டு ஆடுகிறானே, அந்தப் பூட்ஸுக்கு அடியில் என்ன வைத்திருக்கிறான்? போன வருஷம் நமக்கு எதிராகப் பெனால்டி கொடுத்த ரெஃப்ரி அன்றைக்கு மத்தியானம் யார் வீட்டில் சாப்பிட்டார்? இப்படிப் போகும் பேச்சு. உலகத்தில் அப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் கடையில் அதைப் பற்றி யாரும் இவ்வளவு கவலைப்பட்டு நான் கேட்டதில்லை.

நான் ஒன்பது வயதுச் சிறுமி. அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். சண்டை முடியட்டும் என்று அம்மாவையும் என்னையும் தூத்துக்குடியில் அம்மாவின் அண்ணன் வீட்டில் விட்டிருந்தார். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முன்னால் கடை, நடுவில் சரக்கு அறை, பின்னால் வீடு. சரக்கு அறையில் ஓலைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். கணக்கு வராது, காதில் கால்பந்து வரும்.

எங்களுடையது பஜார் அணி. கடைக்கார வீட்டுப் பிள்ளைகளும் துறைமுகத்துத் தொழிலாளிகளும் சேர்ந்து ஆடியது. வருகிறவனுக்குக் கொடுக்க எங்களிடம் வேலை கிடையாது. ஆட்டம் முடிந்தால் ஆளுக்கொரு சில்லுக் கருப்பட்டியும் சுக்குத் தண்ணீரும் உண்டு; அது மாமாவின் உபயம். ரயில்வேயும் மில்லும் அப்படியல்ல. நன்றாக ஆடுகிறவனைக் கண்டால் வேலை போட்டுக் கொடுத்து இழுத்துக்கொள்வார்கள்.

இந்த இழுப்புகளையெல்லாம் முதலில் மோப்பம் பிடிப்பவர் தையற்கடை அண்ணாச்சி. ஊரில் மூன்று அணிகளுக்கும் சட்டை தைப்பவர் அவர்தான் என்பதால் புது ஆள் வந்து இறங்கும் முன்பே அளவு வந்துவிடும்.

“அந்த ரயில்வே கோல்கீப்பருக்கு விளக்குத் துடைக்குத வேலையாம். ஸ்டேசன்ல போயிப் பாத்தேன். ஒரு விளக்கும் துடைச்ச மாதிரி தெரியல” என்றார் ஒருநாள்.

கஸ்டம்ஸ் ஆபீசில் பியூனாக இருந்தவர் ஒருவர் தினமும் குடையோடு வந்து மூலையில் உட்காருவார். அவர்தான் கொஞ்சம் நியாயம் பேசுகிறவர். “சண்டைக்காலம்லா. ராத்திரி விளக்கே ஏத்தக் கூடாதுங்கான். எதைத் துடைப்பான்?” என்றார்.

“அதைத்தான நானும் கேக்கேன். ஏத்தாத விளக்குக்கு எதுக்கு ஆளு?”

 மாமா சிரிக்காமல் கருப்பட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு என்று ஊரே பொறாமைப்பட ஒருவன் இருந்தான். வலது ஓரத்தில் ஆடுகிற ரைட் அவுட், தொம்மை. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலுக்குள்ளே தள்ளி நிற்கும் காலம் அது. தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டுபோய் அங்கே கப்பலில் ஏற்ற வேண்டும். தொம்மை அந்தத் தோணிகளில் மூட்டை தூக்குகிறவன். பந்து காலில் இருக்கும்போது அவன் ஓடுகிறானா நிற்கிறானா என்று எதிராளிக்குத் தெரியாது. தெரியும்போது பந்து கோல் பக்கம் போயிருக்கும். என்னைக் கண்டால் “என்ன மொதலாளி” என்பான். அப்படி என்னை வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், ஆட்டம் இராது. அந்த வருஷம் மழை விட்டு, தை பிறந்து, எல்லாரும் மறுபடி கூடத் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் தையற்கடை அண்ணாச்சி உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

“மில்லுல இருந்து ஒரு சட்டைக்கு அளவு குடுத்து விட்டிருக்கான். பேரு போடல. இடது தோளு ஒரு விரக்கடை எறக்கம். மூட்டை சொமந்த தோளு. இந்தத் தோளுக்கு நான் நாலு வருசமாச் சட்டை தைக்கேன்.”



“தொம்மையா?” என்றார் பியூன்.

“பின்னே, மில்லுக்காரன் மாதா கோயில் சுரூபத்துக்கா சட்டை தைக்கச் சொல்லுதான்?”

மறுநாளே உறுதியாகிவிட்டது. தொம்மைக்கு மில்லில் வேலை. மில்லுக்கு ரைட் அவுட். அன்று கடையில் அவனைத் திட்டாதவர் இல்லை. எல்லாரையும்விடக் கடுமையாகப் பேசியவர் மாமா. பொதுவாக அவர் அதிகம் பேசமாட்டார். அன்று கருப்பட்டிப் பெட்டியை ஓங்கி மூடி, “அவன் பேரை இனி இந்தக் கடையில யாரும் எடுக்கக் கூடாது” என்றார். எனக்கு அழுகை வந்தது. என்னை மொதலாளி என்றவன் வேறு மொதலாளியைத் தேடிப் போய்விட்டானே என்று.

பேரை எடுக்கக் கூடாது என்றதால் ‘அவன்’ என்றே பேசினார்கள். அவனாகப் போயிருக்க மாட்டான் என்பது தையற்கடை அண்ணாச்சியின் கட்சி. மில்லுக்குள் யாரையும் அவனுக்குத் தெரியாது. நேராகப் போய் மேஸ்திரியைப் பார்க்கிற துணிச்சலும் கிடையாது. ஆகவே நடுவில் ஒருவன் தரகு பார்த்திருக்கிறான். அந்த ஒருவன் இந்தக் கடையில் உட்காருகிறவன்.

“ஆமா. நம்மாளுதான் ஒருத்தன்” என்றார் மாமா.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எல்லாரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். முன்பு வாய் நிறையப் பேசுகிற இடத்தில் இப்போது யார் முதலில் பேசுகிறார்கள் என்று காத்திருந்தார்கள். கடைசியில் பழி பியூன் தலையில் விழுந்தது. அவருடைய மருமகன் மில்லில் நூல் பிரிவில் வேலை பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

“மருமவனுக்குச் சம்பளம் கூடியிருக்காம்லா?” என்று தையற்கடை அண்ணாச்சி எங்கோ பார்த்துக் கேட்டார்.

பியூன் மாமாவைப் பார்த்தார். மாமா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பியூன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து வரவில்லை.

இதெல்லாம் சரிதான் என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை பூட்டியிருந்த நேரத்தில், ஓலைப்பெட்டியின் அடியில் ஒட்டிய கருப்பட்டியைச் சுரண்டித் தின்பதற்காகச் சரக்கு அறைக்குள் போனபோது, பின்வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. கதவு இடுக்கில் பார்த்தேன். தொம்மை கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்து வலது காலை நீட்டியிருந்தான். மாமா அவன் முழங்காலில் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார். மாமாவுக்குச் சுளுக்கு எடுக்கத் தெரியும்; பஜாரில் யாருக்குக் கால் பிசகினாலும் அவரிடம்தான் வருவார்கள். அது எனக்கு ஆச்சரியமில்லை. பேரைக்கூட எடுக்கக் கூடாதவனின் காலை எடுத்து மடியில் வைத்திருந்ததுதான் ஆச்சரியம்.

“இது தேறாதுன்னு எனக்கே தெரியும் அண்ணாச்சி. மேட்ச் அன்னைக்குத் தாங்கிட்டாப் போதும்” என்றான் தொம்மை.

“தாங்கும். ரொம்ப ஓடாத. யாருகிட்டயும் வாயைத் தொறக்காத.”

“ஒங்களுக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?”

“எனக்கு என்ன வரப் போவுது. காலை நீட்டு.”

நான் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “தொம்மை எதுக்கு வந்திருக்கான்?” என்று கேட்டேன். அம்மாவின் முறம் நின்றது.

“நீ யாரையும் பாக்கல. என்னளா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு முழுச் சந்தேகமும் வந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. தரகு பார்த்தது மாமாதான். பியூன் தலைகுனிந்து போனபோது பேசாமல் தராசு துடைத்ததும் அதனால்தான். வாரந்தோறும் மில் கேன்டீனுக்கு எங்கள் கடையிலிருந்து கருப்பட்டி போவது நினைவுக்கு வந்தது. அவர்கள் கருப்பட்டி வாங்குகிறார்கள், இவர் ஆளைக் கொடுத்திருக்கிறார். அன்று ராத்திரி மாமா என் தட்டில் வைத்த மீன் துண்டைத் தொடாமல் எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லையா என்று அவர் கேட்டார்.

மில்லும் பஜாரும் மோதிய நாளில் மாமா என்னையும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். மைதானத்தில் ஒரு பக்கம் மில் ஆட்கள், இன்னொரு பக்கம் நாங்கள். தொம்மை மில் சட்டையில் வந்து நின்றபோது எங்கள் பக்கத்திலிருந்து மண்ணை அள்ளி எறிந்தார்கள். அவன் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றான். முதல் பந்து அவனிடம் வந்தது. எங்கள் பின்வரிசை ஆட்டக்காரனை அவன் கடந்த விதத்தைப் பார்த்துத் தையற்கடை அண்ணாச்சியே வாய்விட்டு “சே” என்றார். அது வசவா பாராட்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பாதி ஆட்டம்கூட ஆகியிருக்காது. ஒரு பந்துக்கு எம்பினான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. இறங்கும்போது வலது கால் மட்டும் வேறு பக்கம் போவதைப் பார்த்தேன். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் சிரித்தது. “நடிக்கான்” என்றார் தையற்கடை அண்ணாச்சி. மில் பக்கத்திலும் யாரோ அதையே சொன்னார்கள். நாலுபேர் வந்து தூக்கினபோதுதான் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு அடங்கியது. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்திருந்தார்.

“இந்த வருசம் தாங்கும்னு நெனச்சேன்” என்றார், என்னிடம் அல்ல.

ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோலில் ஜெயித்தோம். மாமா எல்லாருக்கும் கருப்பட்டி கொடுத்தார், அவர் தின்னவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எண்ணெய் போடுகிறேன் என்று சொல்லி மாமாதான் அந்தக் காலைக் கெடுத்துவிட்டார். கெட்ட காலை மில்லுக்கு விற்றுவிட்டார். அன்றைக்குப் பின் வெகு நாள் எனக்குக் கால் பிசகினால்கூட வீட்டில் சொல்லமாட்டேன்.

இரண்டு நாள் கழித்து மில் மேஸ்திரி கடைக்கு வந்தார். மில் அணிக்கு ஆள் சேர்ப்பவர் அவர்தான். தடித்த மனிதர். எல்லாரும் கூடியிருந்த நேரம் பார்த்தே வந்தார். “தொம்மையை ஆஸ்பத்திரியில பாத்தோம். இது மேட்சுல பட்ட அடி இல்லையாம். பழைய அடியாம். மழைக்காலத்துல தோணியில இருந்து கப்பல் ஏணிக்குத் தாவும்போது விழுந்திருக்கான்னு தோணிக்காரன் ஒருத்தன் சொல்லுதான். நல்ல ஆளுன்னு சொல்லி எங்கிட்டக் கூட்டிட்டு வந்தது நீருதான வே?” என்று மாமாவிடம் கேட்டார்.

கடையில் இருந்த அத்தனை பேரும் மாமாவைப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றார் மாமா.

“அந்தப் பய தெரிஞ்சே வந்தானா? தெரிஞ்சே வந்திருந்தாம்னா இன்னைக்கே அவனை வெளிய அனுப்பிருவேன். மேட்சுல ஆடி விழுந்தவன், வேலையில வச்சிக்கிடுவோம்னு மானேசர் தொரை சொல்லுதாரு. அவருகிட்ட நான் ஒரு பதில் சொல்லணும்.”

 மாமா ஒரு கருப்பட்டியை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார்.

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது. காலு சரியாப் போச்சு, தாராளமா ஆடலாம்னு நான்தான் சொன்னேன். அது நிக்காதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். நம்ம டீமு ஜெயிக்கணும்னு செஞ்சேன்.”

நான் சரக்கு அறையில் எழுந்து நின்றுவிட்டேன். இது பொய். எனக்கே தெரியும் அண்ணாச்சி என்று தொம்மை சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். சாமர்த்தியமாகப் பொய் சொல்லித் தப்பிப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் செய்திருக்கிறேன். தன் தலையிலேயே போட்டுக்கொள்கிற பொய்யை அன்றுதான் முதலில் கேட்டேன். அதனால் எனக்குக் குழம்பிவிட்டது.

மேஸ்திரி மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். “கேன்டீனுக்கு இனி ஒம்ம கருப்பட்டி வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தையற்கடை அண்ணாச்சி எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மில் தலையிலேயே நொண்டிக் குதிரையைக் கட்டிவிட்ட மனுஷன் என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். பஜாரில் மாமாவின் பேர் கொடிகட்டிப் பறந்தது. யாருக்கும் அவரைப் பற்றி மேற்கொண்டு சந்தேகம் வரவில்லை. அவர் நிறுத்துக் கொடுக்கிற சரக்கைக் கையில் தூக்கி எடை பார்த்து வாங்க மட்டும் ஆரம்பித்தார்கள். மாமாவே பியூன் வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிவந்தார். அவர் தம் மூலையில் உட்கார்ந்தார். தையற்கடை அண்ணாச்சியோடு மட்டும் பேசவில்லை.

கேன்டீன் வியாபாரம் நின்றது வீட்டில் தெரிந்தது. மீன் வாங்குவது குறைந்தது. பொய் சொன்னவருக்குச் சாமி கொடுத்த தண்டனை என்று நான் நினைத்தேன். அதில் எனக்குத் திருப்திகூட இருந்தது.

தொம்மையை மில்லிலிருந்து அனுப்பவில்லை. கேட்டில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வலது காலை நீட்டியபடி இருப்பான். லாரி வந்தால் கம்பை ஊன்றி எழுந்து கதவைத் திறப்பான். தோணியில் அந்தக் காலோடு ஒருநாள்கூட நிற்க முடியாது, அவனை நம்பி வீட்டில் நாலு பேர் இருந்தார்கள் என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள்.

மாமா தினமும் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். மேஸ்திரியின் ஜன்னலுக்கு எதிரே இருந்த மில் கேட்டைத் தாண்டும்போது தொம்மை எங்களைப் பார்க்கமாட்டான். மாமாவும் அவனைப் பார்க்கமாட்டார். என்னை மொதலாளி என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. ஒருநாள் கேட்டேன்.

“அவன் ஒங்க மேல கோவமா இருக்கானா, மாமா?”

“இருக்கும்ளா. இருக்கட்டும்.”

நான் அதை நம்பினேன். ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் முகம் பார்க்காமல் இருப்பது சரிதான் என்று பட்டது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அதைவிடக் கிட்டத்தில் நல்ல பாதை ஒன்று இருந்தது. மாமா ஏன் நாள் தவறாமல் மில்லைச் சுற்றிக்கொண்டு போனார் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.