பெட்டிக்கு வீசிய காற்று

கோரிப்பாளையத்தில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வரும்போதெல்லாம், அந்த பாய் முதல் வேலையாக என் டேபிள் ஃபேனை, தான் தூக்கி வந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கம் திருப்பிவிடுவார். தாடியில் வேர்வை சொட்ட, அவர் தள்ளி நிற்பார்.

பெட்டி, இறந்துபோன அவர் மகனுடையது. கம்ப்யூட்டர் வேகமாக ஓட, மதர்போர்டில் 'பஸ் ஸ்பீடு' என்ற செட்டிங்கை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தான். வெயில் காலத்தில் சூடேறி ஹேங் ஆகிவிடும்.

"ஸ்பீடைக் குறைச்சுட்டா ஹேங் ஆகாது பாய்."

"தூசி மட்டும் தட்டுங்க தம்பி. அவன் வச்சதுல கை வைக்காதீங்க."

போன சித்திரையில் வந்தபோது முகமே சரியில்லை.

"கொஞ்ச நாளா ஹேங்கே ஆகல தம்பி. என்னான்னு பாருங்க."

போர்டிலிருந்த சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதனால் மகன் வைத்த செட்டிங் அழிந்து, ஸ்பீடு பழையபடி இறங்கிவிட்டது. சொன்னேன்.

"அவன் எம்புட்டு வச்சிருந்தான்?"

"அது அவனுக்குத்தான் பாய் தெரியும். வேணும்னா நான் ஏத்தித் தாரேன்."

"நீங்க ஏத்துனா, அது நீங்க ஏத்துனதுதான தம்பி."

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் கிட்டே வந்து, மறுபடியும் பெட்டியின் பக்கமே திருப்பினார்.